நதிமூலம்

நதிமூலம் ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள்.
எனக்கு அதைக் கேட்கத்தான் சம்பளம்,
வூப்பர்டாலில், மூன்றாம் மாடியில்,
தொங்கும் ரயில் கடக்கும்போதெல்லாம்
சோதனைக் குழாய்களுக்குப் பல் கிடுகிடுக்கும் ஓர் ஆய்வகத்தில்.

லுன்ஸ்மான் வந்தது பிப்ரவரியில்.
நிலவறையில் இருபத்தாறு தொட்டிகள் வைத்திருப்பவர்.
கோட்டுப் பையில், கைக்குட்டையில் சுற்றி,
சாராயத்தில் ஊறும் ஒன்பது வால்துணுக்குகள்.
ஒவ்வொன்றும் வெட்டிய நகத்தின் பிறையளவு.
வெட்டு அத்தனை சுத்தம். கேட்டேன்.
ஜோலிங்கனில் முப்பத்தெட்டு வருடம்
கத்தரிக்கோல் செய்தவராம்.

கெளுத்திதான்.
ஆனால் நம் குளத்துச் சேற்றில்
மீசை மட்டும் தெரியக் கிடக்குமே, அது அல்ல.
உடம்பெல்லாம் கவசத் தகடு, வெள்ளையில் கறுப்பு வரி,
பாறையைக் கவ்வ அடிப்பக்கம் வாய்.
சிங்கு நதியின் இடுக்கில் பிறந்த குலம் என்று
சத்தியம் செய்து விற்றானாம் ஒருவன்.
ஜோடி அறுநூறு யூரோ.

இந்தச் சாதிசனத்தில் பலவற்றுக்கு
இன்னும் பெயரே இல்லை.
எல் என்றோர் எழுத்து, பக்கத்தில் ஓர் எண்.
பெயர் வைக்க ஆள் வரும்வரை அதிலேயே வாழும்,
பல சமயம் வாழ்ந்தும் முடித்துவிடும்.

எனக்கும் ஓர் எல் உண்டு.
எல். வடிவு.
எல் என்றால் லட்சுமணப்பெருமாள், என் அப்பா.
இங்கே படிவம் குடும்பப்பெயர் கேட்டது.
ஓரெழுத்துக்குள் மடங்கிக் கிடந்தவரை
நிமிர்த்தி, முழுநீளத்துக்கு எழுதினேன்.
அன்றிலிருந்து பல் மருத்துவரிடம்
"ஃப்ராவ் லட்... லட்..." என்று
அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள்.
நான் எழுந்து போகிறேன்.

எங்கள் தொழிலில் முதல் பாடம்: வடிவை நம்பாதே.
சிரிக்க இங்கே எனக்குத் துணையில்லை.

முதல் சோதனை அறுநூற்றைம்பது எழுத்து நீளம்.
ஒன்பதும் ஒரே குரலில் சொல்லின: சிங்கு.
லுன்ஸ்மான் தொலைபேசியிலேயே ஏதோ பாடினார்.

நான் அதோடு விட்டிருக்கலாம்.
அவர் அனுப்பிய படத்தில் ஏழாம் மீனுக்குக்
கண்ணருகே ஒரு வரி இரண்டாய்ப் பிளந்திருந்தது.
வடிவை நம்பினேன்.

அந்த அறுநூற்றைம்பது எழுத்தும்
தாயிடமிருந்து மட்டுமே வருபவை.
தகப்பன் யார் என்றால் வாய் திறக்காது.
உட்கருவைத் திறந்து கேட்டேன்.
பாதி வேறு நதி.
ஒன்பதில் ஐந்து அப்படி.
யாரோ, எங்கோ, ஒரே தொட்டியில்
இரண்டு ஆறுகளை ஊற்றியிருக்கிறான்.

அறிக்கையை அஞ்சலில் அனுப்ப மனம் வரவில்லை.
நிலவறைக்கே போனேன்.
கலப்பு மீனை எழுதும் முறையைக் காட்டினேன்:
தாயின் பெயர் முதலில்,
நடுவே ஒரு பெருக்கல் குறி,
பிறகு தகப்பன்.
சான்றிதழ் கிடையாது, அசல் என்று விற்க முடியாது என்றேன்.

பதில் சொல்லாமல்
ஏழாம் தொட்டியின் விளக்கைப் போட்டார்.
ஒரு களிமண் குழாய்.
உள்ளே தலை, வாசலில் வால்.
முட்டையிட்டதும் தாய் போய்விட்டது.
இவன் ஆறு நாளாய் உண்ணாமல்
வாலால் விசிறிக்கொண்டே இருக்கிறான்.
ஒரு விசிறலில் ஒரு கணம் வெளியே தெரிந்தன,
ஆரஞ்சு மணிகள் பத்துப் பன்னிரண்டு.

என் முதல் சோதனையை
அந்தக் குஞ்சுகளிடம் நாளை நடத்தினால்
இவன் ஓர் எழுத்தாகக்கூட இருக்கமாட்டான்.

வாலின் மேல் நுனியில் ஒரு பிறை குறைந்திருந்தது.
அது என் குளிர்பெட்டியில் இருக்கிறது,
ஏழு என்று எழுதி.

"திரும்ப வளருமா?" என்றார்.
அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி.

"வளரும். மூன்று வாரத்தில்."

பைக்குள் துழாவிப் பென்சிலை எடுத்து
தொட்டியின் மூலையில் ஒட்டியிருந்த சீட்டில்
அதை மட்டும் குறித்துக்கொண்டார்.